வாயில் உருண்ட கற்கண்டு

ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியுமா? சினிமாவில் முடியும். இரட்டை வேடம் என்று போஸ்டரில் அச்சடித்தால் கூட்டமும் அலைமோதும். அதே சங்கதி சொந்த வீட்டில் நடந்தால் பெண்டாட்டிக்குச் சோறு இறங்குமா?

சென்ற வாரம் நம் நடிகரின் மனைவிக்கு இறங்கவில்லை. தலைவலி என்று நடிகர் அன்று மதியம் வெளியே போகாமல் வீட்டிலேயே இருந்தார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் போன் வந்தது. தீக்காய வார்டில் படுத்திருக்கும் ஒரு வெல்டரின் மனைவி அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள்.

"சார் இப்பத்தாம்மா எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு வச்சார். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாம கெடந்த மனுஷன், சார் குரலைக் கேட்டதும் சிரிச்சிட்டார்மா! அவர் நல்லா இருக்கணும்!"

அவர் எதிரில்தான் நன்றாக இருந்தார். இரண்டாம் தடவை சாதம் போடச் சொல்லி விரலால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவளுக்குள் விழுந்த பொறி இந்த வாரம் முழுக்கப் புகைந்துகொண்டே இருந்தது. இன்று காலையில் பற்றிக்கொண்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் சந்தேகப் பிராணி இல்லை. ஆனால் அவள் கண் அப்படிப்பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு கன்டினியூட்டி பார்க்கிற வேலை. முதல் ஷாட்டில் இடது கையில் இருந்த கடிகாரம் அடுத்த ஷாட்டில் வலது கைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. சட்டையின் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, தம்ளரில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருந்தது, ஹீரோயின் அழுத கண்ணீர் எந்தக் கன்னத்தில் காய்ந்தது, எல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். செட்டில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். மௌனமாக ஓடுகிற படச்சுருளைப் பார்த்து உதட்டசைவை வைத்தே வசனத்தைச் சொல்லிவிடுவாள். கட்டிங் அறையில் சவுண்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு ஒருவர் வீட்டில் ரகசியம் வைத்துக்கொள்ள நினைப்பது, மீன் சந்தையில் பூனையிடம் கருவாட்டை ஒளிக்கிற கதைதான்.

காலை டிபனுக்கு நடிகர் இறங்கி வந்தார். கழுத்தைச் சுற்றி மஃப்ளர். புழுக்கம் தாங்காமல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தப் புழுக்கத்துல இது எதுக்குங்க?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டு, வாயைத் தொட்டு, கையை விரித்தார்.

"ஊமை வேஷம்மா," என்றாள் மகள், டிபன் தட்டிலிருந்து தலை தூக்காமல். "மஃப்ளர் அந்த கேரக்டரோடது."

அப்பாவின் அறக்கட்டளையை நடத்துவது மகள்தான். அப்பாவுக்கு இப்போதெல்லாம் வாயாகவும் அவளே இருக்கிறாள். போன மாதம் முழுக்க நடிகர் மலைப் பிரதேசத்தில் படப்பிடிப்பு என்று வெளியூரில் இருந்தார். துணைக்கு மகளும் போனாள். திரும்பி வந்த அன்று வாசலிலேயே மகள் அறிவித்துவிட்டாள். அப்பாவுக்குப் புதுப் படத்தில் ஊமை வேஷம், அது உடம்பில் ஊற வேண்டுமாம், அதனால் படம் முடியும்வரை வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டாராம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மட்டும் விலக்காம். தினமும் மதியம் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்து போனில் பேசுவாராம்.

நோயாளிகளுக்குக் குரல் உண்டு, கட்டியவளுக்குக் கிடையாது. இதைக் கேட்டு எந்தப் பெண்டாட்டிக்கு வயிறு எரியாது? அவளுக்கு எரிந்தது. ஆனால் எரிச்சலைவிட ஏக்கம்தான் அதிகம். காரணம், அந்த மலைப் பிரதேசத்து மாதம்.

போஸ்டரில் அவருக்குப் பட்டம் 'நல்லவர்'. கூட்டத்தில் ஒருவராக நின்று, வில்லனுக்குப் பின்னால் கம்பு பிடித்து, ஒற்றை வரி வசனத்துக்கு ஒரு நாள் முழுக்கக் காத்துக் கிடந்து மேலே வந்தவர். ஹீரோவான புதிதில் ஒரு செட் தீப்பிடித்தது. லைட் பிடித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் வெந்துபோனார். கண்ணெல்லாம் கட்டுப் போட்டுக் கிடந்த அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் தன் படத்து வசனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹீரோ வசனம், வில்லன் வசனம், ஹீரோயின் வசனம் உட்பட. கட்டுக்குள்ளிருந்து அந்த மனிதர் சிரித்ததை வாசலில் நின்று அவளும் கேட்டாள். இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தாள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு தீக்காய வார்டே கட்டினார். கண்ணைக் கட்டியிருக்கிறவர்களுக்கு நடிகனின் முகம் எதற்கு, குரல் போதும் என்று தினமும் ஒவ்வொருவரிடமும் பேசினார். ஊரெல்லாம் புகழ்ந்தது. சாயங்காலங்கள் வார்டுக்குப் போயின, பகல் படப்பிடிப்புக்குப் போனது, மிச்சம் இருந்தது தூக்கம். அந்தத் தூக்கத்துக்குத்தான் அவள் பெண்டாட்டி.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நல்லவரைக் குறை சொன்னால் கேட்கிறவர்கள் நம்மைத்தான் பொல்லாதவள் என்பார்கள். ஆனால் போன மாதம், மலையிலிருந்து தினமும் சாயங்காலம் போன் வந்ததே, அப்போது மனசு இளகிவிட்டது. கடைசி நாள் பேச்சில் கொட்டிவிட்டாள். பொண்ணு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று தன் துணிகளையெல்லாம் எடுத்துப் பெட்டி கட்டியதை. வாசல்வரை போய்த் திரும்பியதை.

அதற்கு அவர் சொன்ன பதில் இருக்கிறதே! இத்தனை வருஷத்தில் ஒரு படத்தில்கூட அவருக்கு அப்படி ஒரு வசனம் அமைந்ததில்லை. அவள் போனை வைத்துவிட்டு முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டாள். மறுநாள் அவர் வருவதற்கு வாசலிலேயே நின்றாள்.

வந்தவர் ஊமையாக வந்தார்.

அன்றிலிருந்து கழுகுக் கண் திறந்துகொண்டது. ஒரு மாதம் மலை வெயிலில் நின்ற முகம் கறுக்கவே இல்லை. செருப்பில் மண் ஒட்டின தடயம் இல்லை. பிறகு அந்தக் கற்கண்டு. போனில் பேசத் தொடங்கும் முன் அவர் வாயில் எதுவோ பல்லில் மோதி உருளுகிற 'டக்' என்ற சத்தம் கேட்கும். என்னங்க அது என்று கேட்டதற்குத் தொண்டைக்குக் கற்கண்டு என்றார். சர்க்கரை வியாதி வச்சிருக்கிற மனுஷன் கற்கண்டு சாப்பிடலாமா என்று போனிலேயே சண்டை பிடித்தாள். அவர் வந்ததும் சட்டை, பை, பெட்டி எல்லாவற்றையும் துழாவினாள். ஒரு கற்கண்டு துண்டு இல்லை. பையில் ஓர் எறும்புகூட இல்லை.

சின்ன வீடோ? ஒரு கணம் அப்படியும் நினைத்தாள். உடனே சிரிப்பு வந்தது. பெரிய வீட்டுப் படியேறவே மூச்சு வாங்குகிறது அவருக்கு.

"என்னம்மா தனியா சிரிக்கிறே?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு அப்பா அலுவலகம் வர்றாரா?"

"இல்லம்மா. உடம்பு அசதியா இருக்காம். வீட்லயே இருக்கட்டும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட யாரு பேசுவா?"

மகளின் கை தட்டிலேயே நின்றது. "மாடியில இருந்தே பேசிக்குவார்."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைக் கழுகு பார்த்தது. பொய் சொல்பவர்கள் இரண்டு பேர் என்றால் யாராவது ஒருவர் இன்னொருவரைப் பார்த்தே தீருவார்கள்.

மகள் கைகழுவிவிட்டு வெளியே கிளம்பினாள். போகும்போது வாசல் மேஜை அருகே ஒரு கணம் நின்றாள். கார் சத்தம் தேய்ந்த பிறகு அம்மா போய்ப் பார்த்தாள். மேஜை மேலே மகளின் வளையல்கள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும். காலையில் தங்க வளையல் இரண்டு கண்ணாடி வளையலுக்கு நடுவில் இருக்கும். சாயங்காலம் ஓரத்தில் இருக்கும். தினமும் கழற்றி மாட்டுகிறாள் என்று அவள் கவனித்துத்தான் வைத்திருந்தாள். ஏன் என்பதுதான் இதுவரை பிடிபடவில்லை.

இப்போது பிடிபட்டது. வெளியே கிளம்பும்போது பெண்கள் வளையலை மாட்டிக்கொள்வார்கள். கழற்றிவிட்டுப் போகிற இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. மைக் வைத்த அறை. ஒரு வளையல் சிணுங்கினாலும் டேக் வீண். டப்பிங் தியேட்டரில் பெண்கள் நுழைந்ததும் முதல் காரியமாக வளையலைக் கழற்றுவதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

அறக்கட்டளை நடத்துகிறவளுக்கு டப்பிங் தியேட்டரில் என்ன வேலை?

மதியம், போனில் பேச வேண்டிய நேரத்தில், மாடியை எட்டிப் பார்த்தாள். நடிகர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். போன் அவர் பக்கத்திலேயே இல்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஒரு டாக்சியை நிறுத்தினாள்.

*

கணவர் தன் படங்களுக்கு வழக்கமாகக் குரல் பதிகிற அந்தப் பழைய டப்பிங் தியேட்டர் அப்படியே இருந்தது. அதே குறுகலான மாடிப்படி, சுவரில் அதே வெற்றிலைக் கறை மாதிரி ஈரம், கதவுக்கு மேலே அதே சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒலிப்பதிவு நடக்கிறது என்று அர்த்தம்.

ஒலிப்பதிவாளர் பழைய ஆள். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பிறகு அதே வேகத்தில் சுருங்கியது.

"அக்கா... நீங்க எங்க இங்க?"

"ஏன், வரக் கூடாதா?"

"சேச்சே. காபி சொல்லட்டுமா? வாங்க, கீழ கேன்டீன்ல போய்..."

"காபி குடிக்க வரலை. உள்ள யாரு?"

"யாரோ ஒரு விளம்பரக் கம்பெனிக்காரங்க."

"உனக்குப் பொய் சொல்ல வராது தம்பி. அப்பவும் வராது. மிக்ஸிங்ல தப்பு பண்ணிட்டு நீ காதைச் சொறிவே. இப்ப எங்க கையை வச்சிருக்கே பாரு."

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். அவள் அவரை விலக்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

உள்ளே மைக்குக்கு முன்னால் ஒரு மனிதர். வழுக்கைத் தலை, சின்ன உருவம், தோள் மடிந்து விழுகிற சட்டை. அவரை அவளுக்குத் தெரியும். 'கிளி' என்றுதான் கூப்பிடுவார்கள். நடிகருக்கு ஒரே நேரத்தில் மூன்று படம் ஓடிய காலத்தில், அவர் வர முடியாத நாட்களில் அவர் குரலிலேயே விட்டுப்போன வசனங்களைப் பேசிக் கொடுத்தவர். சொன்னதைச் சொல்லும், அதற்கு மேல் ஓர் எழுத்து சேர்க்காது என்பதால் கிளி.

கிளிக்கு எதிரில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். மைக்கோடு வயரால் இணைத்த ஒரு போன் மேஜையில் கிடந்தது.

கிளி ஒரு சின்ன டப்பாவைத் திறந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த ஸ்பீக்கரில் அது தெளிவாகக் கேட்டது.

டக்.

அவள் கண்ணாடியை ஒட்டி நெருங்கி நின்றாள்.

"என்னப்பா, இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டியாமே?"

அவள் கணவரின் குரல். அந்த இழுப்பு, வாக்கியத்தின் கடைசியில் லேசாகச் சிரித்துக்கொண்டே இறங்குகிற அந்த இறக்கம், எல்லாம் அவருடையது. அது அந்த வழுக்கைத் தலை மனிதரின் வாயிலிருந்து வந்தது.

போனில் மறுபக்கம் ஒருவர் ஏதோ முனகினார். மகள் உதட்டை மட்டும் சத்தமில்லாமல் அசைத்தாள். அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே கிளி பேசினார். அவள் என்ன அசைத்தாளோ அதுதான் அவர் குரலில் வந்தது.

"கட்டுப் பிரிக்கிறப்ப வலிக்கத்தான் செய்யும். வலிக்குதுன்னா தோல் உயிரோட இருக்குன்னு அர்த்தம். வெல்டிங் வைக்கிறவன் நீ, பொறிக்குப் பயந்தவனா? அடுத்த தடவை வலிச்சா என் படத்து வில்லனை நினைச்சுத் திட்டு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

மறுபக்கம் சிரிப்பு. பக்கத்தில் யாரோ பெண் அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம். அந்த வெல்டரின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும்.

அவளுக்கு அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு கேள்வி மட்டும் முள்ளாகக் குத்தி நின்றது. கற்கண்டுச் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். போன மாதம் தினமும் சாயங்காலம் கேட்ட சத்தம். அப்படியானால் போனில் பேசியது யார்? தான் பெட்டி கட்டிய கதையை யாரிடம் சொன்னாள்? முந்தானையில் முகம் புதைத்து அழ வைத்த அந்த பதிலைச் சொன்னது எந்த ஆம்பிளை?

சிவப்பு விளக்கு அணைந்ததும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"அம்மா!"

"நீ பேசாதே. உன் உதட்டை அசைக்காதே. அவர்தான் பேசணும்." அவள் கிளியின் முன்னால் நின்றாள். "போன மாசம் என்கிட்ட போன்ல பேசினது நீங்கதானா?"

கிளி நாற்காலியை விட்டு எழுந்தார். வாயிலிருந்த கற்கண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கினார்.

"குரல் என்னோடதும்மா," என்றார். இப்போது அவருடைய சொந்தக் குரல் வந்தது. மெல்லிசான, கீச்சென்ற, யாருக்கும் ஞாபகம் இருக்காத ஒரு குரல். "பேச்சு சாரோடது."

மகள் அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். எல்லாம் வெளியே வந்தது. மலையும் இல்லை, படப்பிடிப்பும் இல்லை, ஊமை வேஷமும் இல்லை. நடிகருக்குத் தொண்டையில் ஒரு கட்டி. குரல் போய்விட்டது. போன மாதம் முழுக்க வெளியூர் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. நாளைக் காலையில் இங்கேயே ஆபரேஷன். அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கட்டளை.

"சின்னக் கட்டிம்மா. எடுத்துட்டா கொஞ்ச நாள்ல பழையபடி பேசிடுவார்."

"இதை என்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?"

"அப்பாதான் வேண்டாம்னார். உன் முகத்துல பயம் வந்தா அதைப் பார்த்துத் தனக்கும் பயம் வந்துடுமாம். ஆபரேஷன் முடிஞ்சதும் அவரே தன் வாயால சொல்லிக்கிறேன்னார். வார்டுல கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கிறவங்களுக்கு ஒரு நாள்கூட குரல் நிக்கக் கூடாதுன்னும் அவர்தான் சொன்னார்."

"அவங்களுக்குச் சரி. எனக்கு எதுக்கு டூப்பு?"

பதில் சொன்னது கிளிதான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சார் கட்டில்ல எனக்கு நேர் எதிர்ல உக்காந்திருப்பாரும்மா. நீங்க பேசறது ஸ்பீக்கர்ல அவருக்குக் கேக்கும். அவர் உதட்டை அசைப்பார், நான் குரல் குடுப்பேன். திரையில ஓடற படத்துக்குக் குடுக்கலையா, அப்படித்தான். கிளிக்குச் சொந்தப் பேச்சு ஏதும்மா?"

"கடைசி நாளும் அப்படித்தானா?"

"அன்னிக்கும் சார்தான். சொல்லி முடிச்சதும் ஸ்கேனுக்கு நர்ஸ் வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க. பாப்பா எதிர்ல, கதவு தொறந்திருந்த டாக்டர் ரூம்ல இருந்தாங்க. நான்தான்... நான்தான் போனை வச்சேன்."

அவர் ஏன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார்? சொல்வது பொய்யானால் வெட்கம் வரும். உண்மையானால் எதற்கு இந்தக் கூச்சம்? ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைக் கேட்டுவிட்ட கூச்சமாக இருக்கலாம். அப்படி நினைத்துச் சமாதானமாகப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை. பிடிபட்ட கள்வன் எவன்தான் ஆமாம் நானே இட்டுக்கட்டிப் பேசினேன் என்பான்?

மகள் பையை எடுத்துக்கொண்டு, "நேரமாச்சும்மா, வா போலாம்," என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

கதவருகே கிளி பின்னாலேயே வந்தார்.

"அம்மா, அன்னிக்கு போன்ல பேசினதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஓர் எழுத்து விடாம."

"அது போதும்மா," என்றார் கிளி. சொல்லிவிட்டு உள்ளே போய் மைக்கைத் துணியால் மூடினார்.

*

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வழியெல்லாம் மகள் பேசிக்கொண்டே வந்தாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வாசல் மேஜையில் கிடந்த வளையல்களை மகள் மறுபடி கையில் மாட்டிக்கொண்டாள்.

மாடி ஜன்னலோரம் நடிகர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார். மனைவி ஒரு முக்காலியை இழுத்து அவருக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். கை நீட்டி அவர் கழுத்து மஃப்ளரை அவிழ்த்தாள். இடது பக்கம், தாடைக்குக் கீழே, ஒரு சின்ன வீக்கம் தெரிந்தது.

அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் நடிங்க. என்கிட்டயே நடிக்கிறீங்களா?" என்றாள் மனைவி. "நான் என்ன விமர்சனம் எழுதற பத்திரிகைக்காரியா?"

அவர் வாயைத் திறந்தார். அவள் சட்டென்று உள்ளங்கையால் மூடினாள்.

"சத்தம் கூடாது. எனக்குச் சத்தம் வேண்டாம். உதடு போதும். ஒலியில்லாத படத்துல உங்க உதட்டைப் பார்த்துப் பார்த்துத்தானே உங்களையே எனக்குப் பழக்கம். அதனாலதானே வந்த நாள்லருந்து என் முன்னால உதட்டை இறுக்கி மூடிக்கிட்டுத் திரியறீங்க?"

அவர் கண்ணில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மாட்டிக்கொண்ட திருடனின் சிரிப்பு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். கடைசி நாள், பெட்டி கட்டின கதையைச் சொன்னேனே, அதுக்கு என்ன பதில் சொன்னீங்க? சொல்லுங்க. ஒத்திகை கிடையாது. ஒரே டேக்."

கேட்டுவிட்டாளே தவிர, உடனே பயம் வந்தது. தெரியாது என்று தலையாட்டிவிட்டால்? அல்லது வேறு எதையாவது அசைத்தால்? இத்தனை வருஷக் குடும்பத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே காதல் வசனம் கற்கண்டு சப்புகிற யாரோ ஒருவருடையதாகிவிடும். அதற்குப் பிறகு இந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவர் அவள் கையைத் தன் வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உதடுகள் மெல்லப் பிரிந்தன.

'தப்பு உன்னோடது இல்ல. என்னோடது.'



'ஊர்ல எல்லாருக்கும் வலிக்குதான்னு கேட்டேன். உன்னை மட்டும் கேக்கல. இனிமே சாயங்காலம் உனக்கு.'

ஓர் எழுத்து மாறவில்லை.

'அந்தப் பெட்டியை எடு. என் துணியையும் அதுல வை. ரெண்டு பேருமா எங்கயாவது போவோம்.'

அவளுக்குத் தாங்கவில்லை. அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினாள். அவர்தான். அவரேதான். குரல்தான் கடன், வார்த்தை சொந்தம். ஒரு வாரமாக, ஏன், அவர் வந்த நாளிலிருந்தே நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் சரசரவென்று இறங்கியது. பாவம் கிளி, அந்த மனிதரைப் போய்க் கள்வன் என்று நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பின்னால் வளையல் சிணுங்கியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது.

"பாத்தியாம்மா? இதுக்குப் போய் எவ்வளவு கலாட்டா பண்ணிட்டே," என்றாள் மகள். "சின்ன ஆபரேஷன். கொஞ்ச நாள்ல ரெண்டு பேரும் சண்டை போட ஆரம்பிச்சிடுவீங்க பாரு."

நடிகரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் கேட்க ஆசை. பிடித்த காட்சியை மறுபடி ஓட்டச் சொல்கிற ஆசை.

"முடிக்கலையே நீங்க. அதுக்கு அப்புறம் கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதையும் சொல்லுங்க."

அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"பெட்டியை எடுன்னதுக்கு அப்புறம்."

அவர் யோசித்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். கையால் காற்றில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக் காட்டினார். நர்ஸ் வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் காதில் அந்தக் கடைசி வாக்கியம் தெளிவாக ஒலித்தது. பெட்டி, துணி எல்லாம் சொல்லி முடித்த பிறகு போனில் கொஞ்ச நேரம் மௌனம் இருந்தது. கற்கண்டு ஒரு தடவை பல்லில் மோதியது. பிறகு, அவசரமாக, தணிந்த குரலில் ஒரு வாக்கியம். எந்த டாக்டரை, எதற்கு என்று அவள் கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. முதல் பதிலின் இனிப்பில் அதை அவள் பெரிதாக நினைக்கவேயில்லை.

'டாக்டரை நீயே நேர்ல போய்க் கேளு. பொண்ணு சொல்றதை மட்டும் நம்பி உக்காந்திருக்காதே.'

இது சாரின் உதட்டில் இல்லாத வாக்கியம். சொன்னதற்கு மேல் ஓர் எழுத்து சேர்க்காத கிளி, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொந்தமாகப் பேசியிருக்கிறது.

கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கொஞ்ச நாளில் பேசிவிடலாம் என்று மகள் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிற ஒரு குழந்தை முகம்தான் இருந்தது. மஃப்ளரை எடுத்து அவர் கழுத்தில் பதமாகச் சுற்றிவிட்டாள்.

"இருங்க, வந்துடறேன்," என்று எழுந்தாள்.

படியிறங்கிக் கைப்பையை எடுத்தாள். செருப்பில் கால் நுழைத்தாள். மகள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் இன்னும் இருப்பார். நாளைக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"அதான் நான் சொன்னேனேம்மா."

"நீ சொன்னே. நான் கேக்கணும்."

மகள் அவளைத் தாண்டிப் போய் வாசல் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். சாத்திய வேகத்தில் வளையல்கள் சத்தம் போட்டன. மாடியில் அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று, மற்றக் கையால் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதேம்மா," என்றாள் மெதுவாக. "குரல் திரும்பாதுன்னு அப்பாவுக்கே இன்னும் தெரியாது."